வானிலைக் குறுஞ்செய்தியால் வருடத்துக்கு 12,500 ரூபாயா? யார் எண்ணியது?

கரிசல்காட்டான்:

நம் இணைய மன்றத்தில் மேட்டூர் அணை பற்றி ஓடும் இழையில் பசுமைவழி நேற்று எழுதியதை அப்படியே போடுகிறேன்.

"வானிலை ஆலோசனைப்படி நடக்கும் மானாவாரிக் குடும்பத்துக்கு வருடத்துக்கு 12,500 ரூபாய் கூடுதல் வருமானம். இது நிரூபணமான விஷயம். இதற்கு மேலும் குறை சொல்கிறவர்கள் வந்த குறுஞ்செய்தியைத் திறந்துகூடப் பார்க்காதவர்கள்."

நான் மானாவாரிக்காரன், மழையை மட்டும் நம்பி விதைக்கிறவன். விளாத்திகுளம் பக்கம் கரிசல் காடு. உளுந்து, பாசி, மக்காச்சோளம், ஓரமாகக் கொத்தமல்லி. குறுஞ்செய்தியைத் திறந்து பார்க்கிறவன்தான், அரசின் வேளாண் வானிலை ஆலோசனை வரும் செவ்வாயும் வெள்ளியும் தவறாமல் பார்க்கிறவன். என் வரவு செலவு நோட்டில் எந்தப் பக்கத்திலும் இந்த 12,500 இல்லை. யாருக்கு வந்தது, எந்தப் பயிரில் வந்தது, எந்த மாதத்தில் வந்தது என்று பசுமைவழி இங்கே வந்து சொல்லட்டும். அப்புறம் "திறந்துகூடப் பார்க்காதவர்கள்" என்ற பேச்சைத் திரும்பப் பெறட்டும்.

பசுமைவழி:

தனி இழை போடும் அளவுக்குக் கோபமா? சரி, சொல்கிறேன். அது நான் வீட்டில் உட்கார்ந்து கற்பனை செய்த எண் இல்லை. தேசியப் பயன்பாட்டுப் பொருளாதார ஆராய்ச்சி மன்றம் (என்சிஏஇஆர்) 2020-இல் வெளியிட்ட அறிக்கை. 16 மாநிலங்கள், 173 மாவட்டங்கள், 3,965 விவசாயிகளை நேரில் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். ஆடுமாடு வளர்ப்பவர்களையும் மீனவர்களையும் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். விதைப்பு நாள், அறுவடை நாள், உழவு, பாசனம், உரம், மருந்து, ரகம், பயிர், சேமிப்பு என ஒன்பது விஷயங்களில் வானிலைத் தகவலைப் பார்த்து எதையாவது மாற்றினீர்களா என்பது கேள்வி. 98 சதவீதம் பேர் குறைந்தது ஒன்றையாவது மாற்றியிருக்கிறார்கள்.

எதையும் மாற்றாதவர்களின் சராசரி ஆண்டு வருமானம் 1.98 லட்சம். ஒன்றிலிருந்து நான்கு மாற்றம் செய்தவர்களுக்கு 2.43 லட்சம். ஐந்திலிருந்து எட்டு என்றால் 2.45. ஒன்பதையும் மாற்றியவர்களுக்கு 3.02 லட்சம். மானாவாரிப் பகுதியில் வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ள விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12,500 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மழை முன்னறிவிப்பிலும் கணினிகளிலும் அரசு போட்ட சுமார் 1,000 கோடிக்கு, ஒரு ரூபாய்க்கு 50 ரூபாய் வீதம் நாட்டுக்குத் திரும்ப வருகிறது. உங்கள் நோட்டில் இல்லை என்பதற்காக நாட்டில் இல்லை என்று ஆகிவிடாது.

வண்டல்:

பசுமைவழி சொல்வது சரி. ஆலோசனையின் அருமை என்னைப் போன்ற காவிரி டெல்டாக்காரனுக்குத் தெரியும். மழை வருகிறது என்று தெரிந்தால் மேலுரத்தை நிறுத்தி வைப்போம். வடிகாலைத் திறந்து விடுவோம். பனியும் குளிருமாக நாலு நாள் நிற்கும் என்று தெரிந்தால் நெல்லைத் தாக்கும் குலைநோய்க்கு வயலைப் போய்ப் பார்ப்போம். இதெல்லாம் காசுதான்.

கரிசல்காட்டான்:

பசுமைவழி ஐயா, உங்கள் எண்களையே எடுத்துக்கொள்கிறேன். நான்கு மாற்றம் வரை செய்தவருக்கு 2.43 லட்சம், எட்டு வரை செய்தவருக்கு 2.45 லட்சம். கூடுதலாக நான்கு விஷயத்தை மாற்றியும் கிடைத்தது 2,000 ரூபாய். ஆனால் ஒன்பதாவதையும் மாற்றியதும் ஒரே தாவலில் 57,000 ரூபாய் ஏறுகிறது. அந்த ஒன்பதாவதில் அப்படி என்ன மந்திரம் இருக்கிறது?

நான் சொல்கிறேன். ஒன்பதையும் மாற்ற முடிகிறவன் யார்? விளைச்சலைப் பூட்டி வைக்க இடம் உள்ளவன். நினைத்த நேரத்தில் பாசனத்தை மாற்றக் கிணறு உள்ளவன். மழை தள்ளிப்போனால் வேறு ரக விதை வாங்கக் கையில் பணம் உள்ளவன். அவன் வருமானம் முதலிலிருந்தே கூடத்தான் இருந்திருக்கும். வசதி உள்ளவன் குறுஞ்செய்தியை முழுதாகப் பயன்படுத்துகிறான் என்பதைத் திருப்பிப் போட்டு, குறுஞ்செய்தியால் வசதி வந்தது என்று எழுதுகிறீர்கள்.

அப்புறம் அந்த 12,500. அதே அறிக்கையில் மொத்தப் பலன் ஆண்டுக்கு 13,331 கோடி என்று இருக்கிறது. 12,500-ஆல் வகுத்துப் பாருங்கள், சுமார் 1.07 கோடிக் குடும்பம் வருகிறது. 3,965 பேரிடம் கேட்டது ஒரு கோடிக் குடும்பத்தின் கணக்காக விரிந்திருக்கிறது. இதற்குப் பெயர் மதிப்பீடு. நீங்கள் எழுதியது "நிரூபணமான விஷயம்".

பசுமைவழி:

மாதிரி எடுத்துக் கணக்கிடுவது உலகம் முழுக்க உள்ள முறை. எல்லா வீட்டுக்கும் போய்க் கேட்க வேண்டும் என்றால் எந்தப் புள்ளிவிவரமும் மிஞ்சாது. உங்களுக்கு 12,500 பிடிக்கவில்லை, அவ்வளவுதான். அதே நிறுவனம் 2015-இல் நெல், கோதுமை, கரும்பு, பருத்தி ஆகிய நான்கு பயிர்களை வைத்து, 24 சதவீத விவசாயிகள் குறுஞ்செய்தி பெறுவதாலேயே 42,000 கோடி பலன் என்றது. எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தால் 3.3 லட்சம் கோடி.

கரிசல்காட்டான்:

2015-இல் 42,000 கோடி. 2020-இல் 13,331 கோடி. ஐந்து வருடத்தில் பலன் குறைந்துவிட்டதா?

பசுமைவழி:

இரண்டும் வேறு வேறு கணக்கு. ஒன்று நான்கு பயிர்களுக்கு, இன்னொன்று மானாவாரி ஏழைக் குடும்பங்களுக்கு. தெரிந்துகொண்டே கேட்கிறீர்கள்.

நடுவரப்பு:

ஒரு நிமிடம். இரண்டு பேரும் எதைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்று முதலில் தெளிவாக்கினால் நன்றாக இருக்கும். உள்ளூர் ஆலோசனை என்றால் மாவட்டத்துக்கு ஒன்றா, வட்டாரத்துக்கு ஒன்றா, ஊராட்சிக்கு ஒன்றா? பலன் என்றால் கைக்கு வந்த பணமா, தப்பிய நட்டமா? நட்டம் தப்பியது நோட்டில் வரவாக ஏறாது. கரிசல்காட்டான் நோட்டில் இல்லாததற்கு அதுவும் காரணமாக இருக்கலாமே.

வண்டல்:

12,500 என்பது பெரிய தொகை மாதிரிப் பேசுகிறார்கள். 2025-26 கொள்முதல் பருவத்தில் நம் மாநிலத்தில் சாதாரண ரக நெல்லுக்குக் கொள்முதல் விலை, ஊக்கத்தொகையோடு சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,500. 12,500 என்றால் ஐந்து குவிண்டால் நெல். அறுவடை நேரத்தில் ஒரு மழைக்கு முந்திக்கொண்டால் ஐந்து குவிண்டால் மிஞ்சாதா? 17 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் நெல்லை எடுக்க மாட்டார்கள். தளர்வு கேட்டு டெல்லிக்குக் கடிதம் போய், குழு வந்து பார்த்துப் போவதற்குள் நெல் முளைத்துவிடும். மழைக்கு முன்னால் அறுத்து, தூற்றி, மூடி வைத்தவன் பிழைத்தான்.

கரிசல்காட்டான்:

வண்டல், அந்த 12,500 மானாவாரிக்குச் சொன்னது. உங்களுக்கு மேட்டூர் இருக்கிறது. உங்கள் ஐந்து குவிண்டாலை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இருந்தாலும் கேட்கிறேன், 2023 பிப்ரவரி முதல் வாரம் என்ன நடந்தது? வங்கக் கடலில் தாழ்வு மண்டலம், மழை வரும் என்று முன்கூட்டியே சொன்னார்கள். எத்தனை பேரால் முந்திக்கொள்ள முடிந்தது? அறுவடை இயந்திரம் எல்லோருக்கும் ஒரே நாளில் வேண்டியிருந்தது. அறுக்க நின்ற சம்பா சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. கடைசியில் ஹெக்டேருக்கு 20,000 ரூபாய் நிவாரணம் என்று அரசு அறிவிக்க வேண்டி வந்தது. தகவல் இருந்தது. இயந்திரம் இல்லை. தகவலின் விலை அங்கே என்ன? நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

வண்டல்:

"உங்களுக்கு மேட்டூர் இருக்கிறது" என்று எவ்வளவு எளிதாகச் சொல்லிவிட்டீர்கள். வழக்கமான நாளான ஜூன் 12-இல் அணை எத்தனை வருடம் திறந்தது, எத்தனை வருடம் திறக்கவில்லை என்று தெரியுமா? கடைமடைக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று தெரியுமா? நாங்கள் என்னவோ குழாயைத் திறந்து விவசாயம் செய்கிற மாதிரி. மேட்டூர் இழையிலும் இதே பேச்சுதான் பேசினீர்கள், அப்போதே சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

2023-இல் எங்கள் பக்கம் முன்கூட்டி அறுத்தவர்கள் இருக்கிறார்கள். நானே ஒருவன். இயந்திரத்துக்கு முன்பணம் கொடுத்து நிறுத்தி வைத்தேன். செய்தி வராமல் இருந்தால் அதைச் செய்திருக்க மாட்டேன்.

கரிசல்காட்டான்:

முன்பணம் கொடுக்க உங்களிடம் பணம் இருந்தது. நான் சொன்னதும் அதுதான்.

மேகவேட்டை:

எல்லோரும் அரசு அறிவிப்பையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். இப்போது ஐரோப்பிய, அமெரிக்க வானிலைக் கணிப்பு மாதிரிகளை எல்லாம் கைப்பேசியில் இலவசமாகப் பார்க்கலாம். முகநூலில் மழைப் பதிவு போடுகிறவர்களை ஊருக்கு ஊர் பின்தொடர்கிறார்கள். "மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை" என்று ஒரு வரி வந்தால் அதை வைத்து யார் விதைப்பார்கள்? ஓரிரு இடம் என் இடமா, பக்கத்து ஊரா?

2023 டிசம்பர் 17, 18-ஐ மறந்துவிட்டீர்களா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. அவ்வளவு வரும் என்று யார் சொன்னார்கள்?

பசுமைவழி:

ஆரம்பித்துவிட்டார். அந்த மழைக்குப் பல நாள் முன்பே, 12-ஆம் தேதியே எச்சரிக்கை கொடுத்தோம் என்று மத்திய அரசு சொன்னது. போதுமான அளவு சொல்லவில்லை என்று மாநில அரசு சொன்னது. உங்கள் முகநூல் ஆட்கள் மட்டும் 95 என்று சொன்னார்களா? கனமழை வருமா என்பதைச் சொல்வது வேறு, 95 செ.மீ. என்று அளவு சொல்வது வேறு. உலகத்தில் எந்த மாதிரியும் அதை ஊர் பெயரோடு சொல்லியிருக்காது.

மேகவேட்டை:

அதிகனமழை என்ற சொல் எந்தத் தேதியில் வந்தது என்று எடுத்துப் போடுங்கள். சிவப்பு எச்சரிக்கை எப்போது வந்தது?

வண்டல்:

இங்கே பேச்சு விவசாய ஆலோசனை பற்றி. வெள்ளத்தைப் பற்றி வேறு இழை இருக்கிறது. கஜா புயல் நேரத்தில் எங்கள் ஊர் மழை அளவை என் பதிவிலிருந்து எடுத்துத் தன் பெயரில் போட்டவர்தானே நீங்கள்.

மேகவேட்டை:

அந்த அளவு பொதுவில் இருந்தது. உங்களுக்கு மட்டும் சொந்தமா? 2018-இல் நடந்ததை இன்னும் மனதில் வைத்திருக்கிறீர்களே!

வெயில்மானி:

இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பேசியே ஆக வேண்டும் என்று தோன்றியது. நான் மாவட்ட வேளாண் வானிலை அலகு ஒன்றில் ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவன். 2018-இலிருந்து வேளாண் அறிவியல் நிலையங்களில் இவை தொடங்கின. 530 வரை திறப்பதாகத் திட்டம். 199 திறந்தார்கள். 2024-இல் மொத்தமாக மூடிவிட்டார்கள்.

வாரம் இரண்டு முறை ஐந்து நாள் முன்னறிவிப்பு எங்களுக்கு வரும். மழை, அதிகபட்ச வெப்பம், குறைந்தபட்ச வெப்பம், காற்றின் ஈரம், காற்று வேகம், திசை, மேகமூட்டம். வெறும் எண்கள். அதை எங்கள் பகுதிப் பயிர் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதோடு சேர்த்துப் பார்த்து, எந்த வேலையை இப்போது செய்யலாம், எதைத் தள்ளிப்போடலாம் என்று எழுதுவதுதான் வேலை. மக்காச்சோளம் முளைத்த கட்டத்தில் வறண்ட வானிலை என்றால் படைப்புழுவுக்குக் குருத்தைப் பாருங்கள் என்று எழுதுவோம். காற்று வேகம் கூடும் என்றால் மருந்து அடிப்பதைத் தள்ளி வைக்கச் சொல்வோம். விவசாயி தொலைபேசியில் கூப்பிட்டு "எங்கள் ஊருக்கு வருமா சார்" என்று கேட்பார். வராவிட்டால் மறுநாள் திட்டுவார். அந்தத் திட்டும் தேவைதான், அடுத்த அறிவிப்பை எழுதும்போது உதவும்.

அதைத் தானியங்கியாகச் செய்துகொள்ளலாம், ஆள் தேவையில்லை என்று முடிவெடுத்தார்கள். 12,500-ஐ நம்புகிறவர்களும் நம்பாதவர்களும் அந்த ஆட்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

கரிசல்காட்டான்:

வெயில்மானி தம்பி, வேலை போனதற்கு வருத்தம். உங்களைப் போல் ஒருவர் எழுதியதைப் படித்துத்தான் நானும் படைப்புழுவைத் தடுக்கக் குருத்தில் மணலைப் போட்டேன். ஆனால் பசுமைவழியிடம் ஒரு கேள்வி. ஒரு ரூபாய் போட்டால் 50 ரூபாய் வருகிற தொழிலை யாராவது மூடுவார்களா? குடும்பத்துக்கு 12,500 சம்பாதித்துக் கொடுத்த சேவையில் அந்த எண்ணை எழுதியவர்களுக்கே நம்பிக்கை இல்லாமல்தானே 199 இடத்திலும் ஆளை அனுப்பினார்கள்?

பசுமைவழி:

மூடியது சேவையை இல்லை, அந்த அலகுகளை மட்டும். 130 வேளாண் வானிலைக் களப் பிரிவுகள் பல்கலைக்கழகங்களில் இன்னும் இருக்கின்றன. அறிவிப்பு இன்னும் வருகிறது. வேளாண் வானிலைக்கான மேகதூது செயலி 2019-இலிருந்து இருக்கிறது. 2024 அக்டோபரில் ஊராட்சி அளவு முன்னறிவிப்பே தொடங்கிவிட்டார்கள். 2025 மே மாதம் 6 கிலோமீட்டர் கட்டத்தில் கணிக்கும் புதிய மாதிரி வந்துவிட்டது, முன்பு 12 கிலோமீட்டர். முன்னேற்றம் கண்ணெதிரே நடக்கிறது. கரிசல்காட்டான் மட்டும் பின்னால் பார்த்துக்கொண்டு நடக்கிறார்.

வெயில்மானி:

"அந்த அலகுகளை மட்டும்" என்று சொல்லிவிட்டீர்கள். ஒரு களப் பிரிவு எத்தனை மாவட்டத்தைப் பார்க்க வேண்டும் தெரியுமா? எண் கட்டம் சிறியதாகிவிட்டது, எழுதுகிற ஆள் தூரமாகப் போய்விட்டார். தானாக உருவாகும் அறிவிப்பில் அறுவடை முடிந்த பயிருக்கு உரம் போடச் சொல்லி வரும். விவசாயி ஒரு தடவை சிரிப்பார், அப்புறம் திறக்க மாட்டார்.

நடுவரப்பு:

என் கேள்வி இதுதான். மாவட்டமா, வட்டாரமா, ஊராட்சியா? 12,500 கணக்கிட்ட காலத்தில் ஊராட்சி அளவு சேவை இல்லை. இப்போது பேசுவது எந்தச் சேவையை?

கரிசல்காட்டான்:

தூத்துக்குடி மாவட்டம் என்று ஒரே அறிவிப்பு வரும். திருச்செந்தூர் பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் வாழை. எங்கள் பக்கம் கண்மாய்கூட நிறையாத கரிசல். இரண்டுக்கும் ஒரே மழை வரி. புரட்டாசியில் புழுதி விதைப்புப் போடுவோம், அதாவது மழைக்கு முன்னாலேயே காய்ந்த மண்ணில் விதைத்துவிடுவது. இரண்டு சென்டிமீட்டர் மழை பெய்து முளைத்து, அப்புறம் பதினைந்து நாள் வானம் வெளுத்தால் முளை கருகும். மறுபடி விதை வாங்க வேண்டும். எனக்குத் தேவை அந்தப் பதினைந்து நாள். ஐந்து நாள் சொல்லி எனக்கு என்ன பயன்? அந்தப் பதினைந்து நாளைச் சொல்லாமல் 12,500 எங்கிருந்து வரும்?

பசுமைவழி:

அதுவும் இருக்கிறது. நான்கு வாரத்துக்கான நீட்டிக்கப்பட்ட முன்னறிவிப்பை வானிலைத் துறை ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளியிடுகிறது. நீங்கள் செவ்வாயும் வெள்ளியும் மட்டும் பார்த்தால் அது யார் தவறு?

கரிசல்காட்டான்:

வியாழக்கிழமை வருவது "இயல்பை ஒட்டி", "இயல்புக்குக் குறைவாக" என்று பெரும்பரப்புக்கு நிறம் பூசிய வரைபடம். என் ஊர் அதில் ஒரு புள்ளிகூட இல்லை. அதை வைத்து நான் விதையைக் கொட்ட வேண்டுமா? உங்கள் 12,500 அந்த வரைபடத்திலிருந்து வந்ததா, குறுஞ்செய்தியிலிருந்து வந்ததா? அதையாவது சொல்லுங்கள்.

பசுமைவழி:

சரி, கேள்வி கேட்டு வாங்கிய எண்ணை நம்ப மாட்டீர்கள். வேறு சான்று தருகிறேன். தெலங்கானாவில் 250 கிராமங்களைக் குலுக்கல் முறையில் பிரித்து ஒரு ஆய்வு நடந்தது. சில கிராமங்களுக்குப் பருவமழை எப்போது தொடங்கும் என்று முன்கூட்டிச் சொன்னார்கள், சில கிராமங்களுக்குச் சொல்லவில்லை. தாங்கள் நினைத்ததைவிட மழை தாமதமாகும் என்று தெரிந்தவர்கள் சாகுபடிப் பரப்பை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைத்தார்கள், உரத்துக்கும் விதைக்கும் போடும் செலவையும் குறைத்தார்கள். நல்ல செய்தி வந்தவர்கள் கூடுதலாகப் போட்டார்கள். வசதி உள்ளவன், இல்லாதவன் என்ற உங்கள் வாதம் இங்கே செல்லாது. யாருக்குச் செய்தி என்று முடிவு செய்தது குலுக்கல்.

கரிசல்காட்டான்:

நல்ல ஆய்வு. அதில் 12,500 எங்கே இருக்கிறது?

பசுமைவழி:

12,500 அதில் இல்லை. விவசாயி தகவலைப் பயன்படுத்தி முடிவை மாற்றுகிறான் என்பது இருக்கிறது.

கரிசல்காட்டான்:

இல்லை, இல்லையா? அதைத்தான் முதல் வரியிலிருந்து கேட்கிறேன். தெலங்கானா தென்மேற்குப் பருவமழையை நம்பி விதைக்கும் ஊர். எங்களுக்கு வடகிழக்கு. ஒரு புயல்சின்னம் ஆந்திராப் பக்கம் திரும்பினால் எங்கள் ஐப்பசியே போய்விடும். அங்கே ஜூன் மாதத் தொடக்கத்தைக் கணித்ததை இங்கே கொண்டுவந்து ஒட்டாதீர்கள்.

விவசாயி முடிவை மாற்றுகிறான் என்பதை யார் மறுத்தார்? நானும்தான் மாற்றுகிறேன். மழை வரும் என்று மருந்து அடிக்காமல் இருந்தேன், மழை வரவில்லை, புழு பாதிச் செடியைத் தின்றது. அதுவும் "மாற்றம்" என்றுதான் அந்த 98 சதவீதத்தில் விழும். சொன்னது பொய்த்த நாளின் நட்டத்தை எந்தக் கட்டத்தில் கழித்தார்கள்?

வண்டல்:

பொய்த்த நாளை மட்டும் நினைவு வைத்திருக்கிறீர்கள். பலித்த நாளில் மிச்சமான யூரியா கணக்கில் வராதா?

கரிசல்காட்டான்:

யூரியாக் கணக்கா? போடுவோம். 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. 12,500 மிச்சமாக வேண்டும் என்றால் வருடத்துக்கு 47 மூட்டை யூரியா மழையில் கரையாமல் தப்ப வேண்டும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருக்கிற மானாவாரிக் குடும்பம் 47 மூட்டை யூரியா வாங்குமா? எந்த ஊரில் அந்தக் குடும்பம் இருக்கிறது?

வண்டல்:

யூரியா மட்டும்தான் மிச்சம் என்று நான் சொல்லவில்லை. நீங்களே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு பெருக்கிப் பார்த்து நீங்களே கைதட்டிக்கொள்கிறீர்கள். கரைந்த மேலுரத்தால் குறையும் மகசூல் எங்கே? ஒருமுறை வீணான மருந்துக்குக் கூலி எங்கே? பாசனத்துக்கு ஓடாத மோட்டாரின் டீசல் எங்கே?

கரிசல்காட்டான்:

எங்கள் காட்டில் மோட்டார் ஏது? மானாவாரி என்றால் என்ன என்று டெல்டாக்காரருக்கு நான்தான் சொல்லித்தர வேண்டும் போல.

வண்டல்:

பார்த்தீர்களா, மறுபடியும் டெல்டா. பசுமைவழியோடு உங்களுக்கு வழக்கு என்றால் அவரோடு வைத்துக்கொள்ளுங்கள். மூன்று போகமும் தண்ணீரில் மிதக்கிறோம் என்ற நினைப்பு. எங்கள் பக்கம் இரண்டாம் போகமான தாளடி போடாமல் தரிசாகக் கிடந்த நிலத்தை வந்து பாருங்கள்.

மேகவேட்டை:

கரிசல்காட்டான் கேட்பது நியாயம். அதனால்தான் சொல்கிறேன், ஊருக்கு ஒரு மழைமானி இருந்தால் போதும்...

வெயில்மானி:

நம் மாநிலத்தில் வேளாண் பல்கலைக்கழகம் வட்டாரத்துக்கு ஒன்று என்று தானியங்கி வானிலை நிலையங்களை வைத்தது. வைப்பது பெரிய விஷயம் இல்லை. குருவி கூடு கட்டிய மழைமானியைச் சுத்தம் செய்ய யாராவது போக வேண்டும். அந்த யாராவது சம்பளம் வாங்க வேண்டும். மேகவேட்டைக்கு ஐரோப்பிய மாதிரி இலவசம். அதன் கணிப்பு சரியா என்று சோதிக்க இங்கே அளந்த மழை வேண்டும், அது இலவசமாக வராது.

மேகவேட்டை:

உங்களுக்கு எல்லாமே சம்பளப் பிரச்சினைதான்.

வெயில்மானி:

ஆமாம், சம்பளப் பிரச்சினைதான். 12,500 ரூபாய் பலனைப் பற்றி இவ்வளவு பேர் இவ்வளவு நீளம் எழுதியிருக்கிறீர்கள். அந்த ஆலோசனையை எழுதியவர்களுக்குச் சம்பளம் தேவைதானா என்பது இங்கே கேலியாகிவிட்டது.

பசுமைவழி:

வெயில்மானி சொல்வதோடு எனக்குச் சண்டை இல்லை. ஆட்கள் வேண்டும்தான். ஆனால் கரிசல்காட்டான் மாதிரி ஆட்கள் "பலனே இல்லை" என்று பொதுவில் எழுதுவதால்தான் இப்படிப்பட்ட சேவைகளை மூடுகிறவர்களுக்குக் கை ஓங்குகிறது. அதை அவர் யோசிக்க வேண்டும்.

கரிசல்காட்டான்:

நிறுத்துங்கள். "பலனே இல்லை" என்று நான் எங்கே எழுதினேன்? எடுத்துக் காட்டுங்கள். நான் கேட்டது 12,500-ஐப் பற்றி. 199 அலகை மூடியது என் பதிவைப் படித்தா? நான் எழுதியது நேற்று, மூடியது 2024.

உண்மையில் சேவையைக் கெடுக்கிறது உங்கள் எண். வருடத்துக்கு 12,500 தானாகவே ஒவ்வொரு வீட்டுக்கும் போய்ச் சேருகிறது என்று அதிகாரி நம்பிவிட்டால், அப்புறம் என் ஊருக்கு மழைமானி எதற்கு, ஆள் எதற்கு? எல்லாம் நன்றாக நடக்கிறது என்று கோப்பை மூடிவிடுவார். எங்களுக்கு எது வரவில்லை என்று கேட்கக்கூட ஆள் இருக்காது. பயிர்க் காப்பீட்டிலும் இதைத்தான் பார்த்தோம். அறுத்துப் போட்ட பயிர் மழையில் கெட்டால் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு, 72 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. காகிதத்தில் எல்லாம் சரி. வயலில் நிற்கிறவனுக்கு எந்த எண்ணைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியாது.

பசுமைவழி:

இப்போது காப்பீட்டுக்குத் தாவிவிட்டீர்கள். 12,500-க்குப் பதில் சொல்லியாகிவிட்டது. அறிக்கையின் பெயர், ஆண்டு, எத்தனை பேரைக் கேட்டார்கள் எல்லாம் கொடுத்துவிட்டேன். என் வரியில் மாற்ற எதுவும் இல்லை.

கரிசல்காட்டான்:

"திறந்துகூடப் பார்க்காதவர்கள்" என்ற வரியிலும் மாற்ற எதுவும் இல்லையா?

பசுமைவழி:

அது பொதுவாகச் சொன்னது. உங்களைக் குறித்துச் சொன்னதாக நீங்களே எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

நடுவரப்பு:

தப்பிய நட்டமா, வந்த வரவா என்று யாராவது...

வண்டல்:

நடுவரப்பு, நீங்கள் எந்தப் பக்கம்?

மேகவேட்டை:

வண்டல், கஜா பதிவைப் பற்றி இங்கே இழுத்தீர்கள். அந்தப் பழைய இழையின் பக்கத்தை எடுத்திருக்கிறேன். மழை அளவை முதலில் போட்டது நீங்களும் இல்லை, நானும் இல்லை. இன்னொருவர். அவரிடமிருந்து எடுத்தவர் நீங்கள். தேதி, நேரத்தோடு இருக்கிறது.

வண்டல்:

அவர் என் பக்கத்து ஊர்க்காரர். எனக்குத் தொலைபேசியில் சொன்னார், நான் போட்டேன். நீங்கள் எங்கிருந்து எடுத்தீர்கள்?

பசுமைவழி:

இந்த இழை எங்கோ போய்விட்டது. விதைப்பு நாள் முடிவுகளைப் பற்றிப் புது இழை தொடங்குகிறேன். வயலில் ஆலோசனையைப் பயன்படுத்துகிறவர்கள் மட்டும் அங்கே வரலாம்.

கரிசல்காட்டான்:

"பயன்படுத்துகிறவர்கள் மட்டும்". மறுபடியும் அதே வேலை. புது இழையிலும் வருவேன். ஒன்பதாவது மாற்றத்துக்கு 57,000 ரூபாய் எப்படி ஏறியது என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. அங்கே முதல் கேள்வி அதுதான்.